ஆக்ஞைக்குக் காத்திராத அறம்

திருமங்கையாழ்வார் திருமெய்யம் என்று பாடிய திருமயத்துக் குடைவரையிலே, பாம்பணையில் யோகநித்திரை கொண்டிருக்கும் பெருமாளைத் தரிசிக்கும்போதெல்லாம், என் கண்கள் திருவடியை விட்டு ஆதிசேஷனுடைய படங்களில் சென்று நிலைத்துவிடுகின்றன. மதுகைடபர் தாக்க வந்தபோது, நாதனின் உறக்கத்தைக் கலைக்க மனமின்றித் தானே விஷஜ்வாலையைக் கக்கி அவர்களைத் துரத்திய சேஷன், ஆக்ஞையின்றிக் காரியம் செய்துவிட்டோமே என்று அஞ்சிப் படங்களை ஒடுக்கிக்கொள்ள, பெருமான் அவனைத் தேற்றிப் பாராட்டினார் என்பது ஸ்தலபுராணம். உத்தரவு பெறாமல் அதர்மத்தை எதிர்ப்பது தர்மமாகுமா என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆயினும் திருமயம் அடங்கிய இந்தப் புதுக்கோட்டைச் சீமையே ஒருமுறை அந்த விடையை மறந்தது. பாஞ்சாலங்குறிச்சியை இழந்து புதுக்கோட்டைக் காடுகளில் மறைந்திருந்த கட்டபொம்மனை இச்சீமையின் மன்னர் தொண்டைமான் பிடித்து ஆங்கிலக் கும்பினியாரிடம் ஒப்புவிக்க, 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். நட்புப் பூண்டவர்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பதும் சத்தியமல்லவா என்று கேட்பார் உண்டு. சிறிய சமஸ்தானத்தை ஆள்பவருக்குப் பெரும்படையின் பகை எத்தகையது என்பதை நானும் அறிவேன்; ஆனால் பிறர் மண்ணைப் பறிப்பதற்குத் துணைநிற்கும் வாக்கைச் சத்தியம் என்ற பெயரால் அழைக்க என் மனம் ஒருப்படவில்லை.

அதே திருமயத்தில் 1887இல் பிறந்து, இவ்வூர்ப் பெருமாளின் திருநாமத்தையே தாங்கிய தீரர் சத்தியமூர்த்தி, சட்டசபைக்குள் புகுந்து அந்நிய சர்க்காரோடு வாதாடியும் பார்த்தார். அது போதாதென்று கண்டபோது சட்டத்தை மீறிச் சிறைக்கும் சென்றார். 1942இல் மீண்டும் சிறைப்பட்டு உடல் நலிந்த அவர், மறுஆண்டு மார்ச் 28இல் காலமானார்.

ஆக்ஞைக்குக் காத்திராத இந்த அறத்தின் எதிரொலி கடலுக்கு அப்பாலும் கேட்கிறது. நம்மவர் கரும்புத் தோட்டங்களில் உழைத்து வேரூன்றிய ஆப்பிரிக்கத் தீவாகிய மொரீஷியஸ், 1968இல் சுதந்திரம் பெற்றபோது அதற்குரிய நாளாக மார்ச் 12ஐக் கொண்டது. 1930இல் காந்தியடிகள், எவருடைய அனுமதியும் பெறாமல் உப்பெடுக்கத் தண்டிக்குப் புறப்பட்ட நாள் அதுவே.

திருமயம் செல்லும் அன்பர்களே, உடன்வரும் பிள்ளைகளுக்கு அந்தச் சேஷனைக் காட்டிக் கதை சொல்லுங்கள். அவன் அஞ்சியதோடு நிறுத்திவிடாமல், பெருமான் அவனைத் தேற்றியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.