கூடு மாறும் கதை

பழைய அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்றை இன்று திரைப்படமாக எடுத்தால் அது அதே கதைதானா என்பது, உடல் மாறினால் ஆள் மாறுகிறானா என்ற பழைய விசாரத்தின் புது வடிவம். தமிழில் இதற்கு ஏற்ற உதாரணம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பின்பு தூர்தர்ஷனிலும் தொடரானது. அதில் பிள்ளை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி தர வேண்டும். முதியவர்களின் சாவையும் அரசே குறிக்கும். நாட்டை ஆளும் ஜீவா என்பவன் ஆளே இல்லை, வெறும் ஒளிப்படிமம். ஜீனோ என்ற இயந்திர நாய்க்கோ மனிதர்களைவிடச் சிந்தனை அதிகம்.

பொருளே உயிர் என்பது ஒரு கட்சி. பழனி மலையில் இருக்கும் முருகன் மூலவரைச் சித்தர் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது ஐதீகம். 2004-இல் அந்தத் திருமேனிக்கு முன்னால் ஐம்பொன் சிலை ஒன்று வைக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பவே சில மாதங்களில் அதை எடுத்துவிட்டார்கள். உருவம் ஒன்றாக இருந்தும் பக்தர்கள் ஏற்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பாஷாணமேதான் முருகன். பழைய தொடரைத் தொடாதே என்கிற ரசிகரும் இந்தக் கட்சிதான். அந்த அட்டைச் செட்டும் அந்தக் குரலும் போனால் அவருக்கு எல்லாம் போயிற்று.

உயிரே பொருள் என்பது எதிர்க்கட்சி. சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலில் ஒரு சிவயோகி புகுந்தார் என்கிறது பெரியபுராணம். அவரே திருமூலர். பசுக்கள் அவரை அடையாளம் கண்டு மகிழ்ந்தன. மூலனின் மனைவியிடமோ, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டார். பழைய உடலைத் தேடிப் போனபோது அது மறைந்திருந்தது. கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவருக்கும் திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிடுகிறது. திரையிலும் இந்த இரண்டு கட்சியும் உண்டு: ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர் 1979-இல் படமானபோது பழைய நடிகர்களே நடித்தார்கள். 2009-இல் வந்த படத்தில் பெயர்கள் மிஞ்சின, முகங்கள் பெரும்பாலும் புதியவை.

இந்த இரண்டு கட்சியையும்விட, பழனியை அடுத்த ஆயக்குடியின் கொய்யாத் தோப்பு தெளிவாகப் பேசும். பதியன் போட்டு எடுத்த கன்று தாய்மரமேதான்; காயும் ருசியும் மாறாது. விதையிலிருந்து வரும் கன்று அதே வம்சம், ஆனால் வேறு மரம்.

சுஜாதாவின் கதையைப் பதியன் போட முடியாது, மண் மாறிவிட்டது. அது எழுதப்பட்டது 1980-களில். நெருக்கடிநிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடை அப்போது பழங்கதை ஆகியிருக்கவில்லை. இன்றைய தமிழ்நாட்டில் கருவள விகிதம் இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. மக்கள்தொகை குறைந்தால் தொகுதிகளும் குறையும் என்ற மறுவரையறை அச்சத்தில், பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று அப்போதைய முதலமைச்சரே 2024-இல் மேடையில் கேட்டார். அதே ஆண்டு, மறைந்த கருணாநிதி செயற்கை நுண்ணறிவின் உபயத்தில் திரையில் தோன்றி உரையாற்றினார். ஒளிப்படிமத் தலைவனைக் கண்டு இனி யாரும் திடுக்கிடப் போவதில்லை. கதை நடப்பதாகச் சொன்ன காலமும் வந்துவிட்டது. ஆகவே அனுமதிச் சீட்டையும் ஜீவாவையும் அப்படியே படமெடுத்தால் அது அருங்காட்சியகப் பொருள். பெற்றுக்கொள் என்று வற்புறுத்தும் அரசையும், செத்த பின்னும் ஓயாமல் பேசும் தலைவனையும் வைத்து எடுத்தால் விதைக்கன்று. அது காய்க்கப் பதியனைவிட அதிக வருடம் ஆகும். பழம் வெள்ளையா சிவப்பா என்பதும் அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.