பழி யாருடையது?

அக்கிலீசிடமிருந்து பிரிசெயிஸ் என்னும் சிறைப்பெண்ணைப் பறித்தான் மன்னன் அகமெம்னான். பிணங்கள் குவிந்த பின்னர், "பழி என்னுடையதன்று, என் மதியை மயக்கிய சீயசுடையது" என்கிறான், ஹோமரின் 'இலியட்' காவியத்தில்! கொடுமை செய்தவன் கோமான், குற்றவாளி கடவுளாம்! என் வகுப்புச் சிறுவர்களும் இப்படித்தான் அடுத்தவனைக் காட்டுவர்.

2004இல் 'டிராய்' படத்தை இயக்கிய வுல்ஃப்காங் பீட்டர்சன், தேவர்களைக் களத்தினின்று அகற்றினார். ஒளிந்துகொள்ள ஒலிம்பஸ் இல்லை. பேராசைக்கு மன்னனே பொறுப்பு. மகிழ்ந்தேன், தோழர்களே! ஆனால் இறுதியில், காவியத்தில் இல்லாதவாறு, பிரிசெயிசின் கத்திக்கு அவனை இரையாக்குகின்றனர். கடவுளை விரட்டிவிட்டு, தண்டனை தரும் அவர் வேலையைக் கதாசிரியர் ஏற்றுக்கொண்டாரோ?

ஹோமர் அந்த ஆறுதலைத் தரவில்லை. மகனைக் கொன்றவனின் கையை முத்தமிட்டுப் பிணத்தைக் கேட்கிறான் முதியவன் பிரியம், கொன்றவனும் அழுகிறான். படத்திலும் அக்காட்சி உண்டு. காவியத்தில் வழித்துணையாய் வந்த ஹெர்மிஸ் மட்டும் அங்கே இல்லை, கண்ணீரோ குறையவில்லை.