காய்ச்சல் நாளின் கூலி

சிலாங்கூரின் செகிஞ்சானில் சொந்த வயல் வைத்திருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை. கொடுப்பதற்கும் ஆளில்லை. மகனோ பக்கத்து வயல்காரரோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டால் உண்டு. அங்கிருந்து தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் தாண்டி, புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை என உள்ளே திரும்பினால் நெல் முடிந்து செம்பனை தொடங்குகிறது. இங்கே காய்ச்சலுக்குச் சட்டம் இருக்கிறது, கையெழுத்துப் போட டாக்டர் இருக்கிறார், வருகையைப் பதிய செக்ரோல் இருக்கிறது. ஆனாலும் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிறவர்கள் உண்டு. அவர்களை இறங்க வைப்பது எது, அது நியாயமா என்பதுதான் கேள்வி.

தாளில் உள்ளதைப் படித்தால் குறை சொல்ல அதிக இடமில்லை. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பணியில் இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் 60 நாள். முன்பு மற்ற நோய் நாட்களும் இந்த 60க்குள்ளேயே அடங்கின. 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த திருத்தம் இரண்டையும் பிரித்துவிட்டது. ஆண்டு விடுப்பு தனிக் கணக்கு: அதே பணிக்கால வரிசையில் 8, 12, 16 நாட்கள். ஆண்டு விடுப்பில் இருக்கும்போது நோயில் விழுந்து அதற்கு மருத்துவச் சான்றும் பெற்றால் அந்த நாட்கள் நோய் விடுப்பில் எழுதப்பட வேண்டும். ஆண்டு விடுப்பு மிச்சமாகிறது. பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. உள்ளூர்க்காரருக்கு என்ன சட்டமோ அதுவே இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவருக்கும்.

சிக்கல் சம்பளச் சீட்டில் இருக்கிறது. குலை வெட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வெட்டிய அளவுக்குத்தான் கூலி. நல்ல விளைச்சல் மாதத்தில் அடிப்படைக் கூலிக்கு மேல் கணிசமாகக் கிடைக்கும். நோய் நாளுக்குக் கணக்குப் போடும்போதோ ஊக்கத்தொகைத் திட்டத்தில் வரும் பணத்தையும் ஓய்வு நாள் உழைப்பையும் சட்டமே ஒதுக்கி வைக்கிறது. ஆக, படுத்திருந்த நாளுக்கு வருவது வெட்டிய நாளுக்கு வருவதை விடக் குறைவு. அதற்கு மேல் இன்னொன்று: முழு வருகை அலவன்ஸ். தோட்டமோ தொழிற்சாலையோ, மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்தவருக்கு ஒரு தொகை தருவது மலேசியாவில் பழகிப்போன ஏற்பாடு. பல இடங்களில், முறையாக மருத்துவச் சான்று (எம்.சி.) காட்டினாலும் அந்தத் தொகை போய்விடும் அல்லது குறைந்துவிடும்.

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. செம்பனையில் ஒரு மரத்துக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறையாவது திரும்பி வர வேண்டும். தவறினால் பழுத்த பழம் உதிரும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். ஒருவர் வெட்ட, இன்னொருவர் உதிரிப் பழம் பொறுக்க என்று ஜோடியாக வேலை நடக்கும் இடத்தில், ஒருவர் படுத்தால் மற்றவர் கூலியும் அடிபடும். எம்.சி. திங்கட்கிழமையிலும் பெருநாளுக்கு மறுநாளிலும் கூடுகிறது என்று மேலாளர்கள் குறைபடுவதை முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. போலி எம்.சி. விற்றவர்கள் பிடிபட்ட செய்திகள் இந்த நாட்டில் புதிதல்ல. ஒழுங்காக வருகிறவருக்கு ஒரு நன்றித் தொகை கொடுப்பதில் என்ன தவறு என்று அவர்கள் கேட்பார்கள்.

தவறு நன்றியில் இல்லை, எதற்கு நன்றி என்பதில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போகலாமா, வேலைக்குப் போகலாமா என்று யோசித்து வேலைக்கு வந்தவரைப் பாராட்டலாம். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். காய்ச்சலில் அப்படித் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. உடம்பு நன்றாக இருந்தவருக்குப் பரிசும் உடம்பு கெட்டவருக்கு இழப்பும் என்றால், அது உழைப்புக்குத் தரும் மரியாதை ஆகாது. அதை அலவன்ஸ் என்று எழுதினாலும் வாங்குகிறவர் கையில் அது அபராதமாகத்தான் முடிகிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது உண்மை. அந்த அளவில் வாழும் வீட்டில் அலவன்ஸ் மேல்வரும்படி அல்ல. அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிப் பேருந்துக்கும் அது முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிட்ட பணம்.

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. நாட்டிலேயே டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். டெங்கியின் குணமே ஏமாற்றுவது: மூன்றாம் நான்காம் நாளில் சூடு தணியும்போதுதான் இரத்தத் தட்டணுக்கள் விழுந்து உள்ளுக்குள் நிலைமை மோசமாகலாம். காய்ச்சல் விட்டதே, இன்னும் ஏன் எம்.சி. என்று கத்தியைத் தூக்குகிறவர் அந்த நேரத்தில்தான் படுக்கையில் இருந்திருக்க வேண்டும். எலி நடமாட்டமுள்ள தோட்டத்தில் எலிக்காய்ச்சலும் சாதாரண ஜுரம் போலவே தொடங்கும். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஒரே கொங்சிக் கொட்டகையில் நெருக்கியடித்துப் படுக்கும்போது ஒருவர் இருமல் எல்லாருக்கும் பங்காகும். கோவிட் காலத்தில், உடம்பு சரியில்லை என்றால் வராதே என்று பல நிறுவனங்கள் அறிவிப்பு ஒட்டின. வராதவருக்கு அலவன்ஸ் உண்டா என்பதை அந்த அறிவிப்பில் எழுதியவர்கள் குறைவு.

நோயாளியை முதலில் சந்தேகிக்கும் பழக்கம் தோட்டத்தில் பழையது. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது இந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். தமிழர் உழைப்பில் வளர்ந்த இத்தகைய தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நோய் சொன்னவரைத் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் பார்த்து, இவர் நோயாளியா சோம்பேறியா என்று முடிவு செய்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். 1941இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயத்தை எதிர்த்ததைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். முறையான மருத்துவ வசதி வேண்டும் என்பதும் அதே கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

டிரெஸ்ஸரின் இடத்தில் இன்று பேனல் கிளினிக். முதலாளி நியமித்த மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும்; அவர் நியாயமான நேரத்தில், தூரத்தில் கிடைக்காதபோதுதான் மற்றவர் சான்று செல்லும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் சொல்லாவிட்டால் எம்.சி. இருந்தும் அது அனுமதியில்லாத வராமையாகக் கருதப்படும். டவுனில் இருப்பவருக்கு இது சிறிய காரியம். உள்தோட்டத்தில் பேருந்து இல்லாமல், மோட்டார் சைக்கிளும் இல்லாமல், வாந்தியோடு கிளினிக் வரை போவதற்குப் பதில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் படுத்திருப்பவர் உண்டு. மொழி தெரியாத வெளிநாட்டவர் பாடு இன்னும் கஷ்டம்.

இன்னொரு சங்கடம் சட்டத்திலேயே இருக்கிறது. நோய் விடுப்பு தன் உடம்புக்கு மட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், வயதான அம்மாவை தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால், தனியார் துறையில் அதற்கென்று சட்டப்படியான விடுப்பு இல்லை. புதியவருக்கு எட்டே நாளான ஆண்டு விடுப்பில் கழிக்க வேண்டும், அல்லது சம்பளத்தை விட வேண்டும். அந்த எட்டு நாளிலிருந்துதான் கெசட் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து முதலாளி சேர்க்காமல் விட்ட பண்டிகையும், ஊர்த் திருவிழாவும், சாவு வீடும். அதனால் பிள்ளைக்கு வந்த காய்ச்சலைத் தன் தலைவலி என்று சொல்லி எம்.சி. வாங்குகிறார் ஒரு தாய். அவர் சொன்னது பொய்தான். ஆனால் உண்மை சொன்னால் கூலி போகும், பொய் சொன்னால் கூலி கிடைக்கும் என்ற ஏற்பாட்டைச் செய்துவைத்தவர்கள் அவருக்கு ஒழுக்கம் போதிக்கும் தகுதியை இழக்கிறார்கள். இதற்குப் பிறகு எம்.சி. எண்ணிக்கையைக் காட்டி, பார்த்தீர்களா ஏமாற்றுகிறார்கள் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

தொழிலாளியின் வார்த்தையை நம்பினால் தொழில் படுத்துவிடும் என்ற பயத்துக்குப் பதில் வெளியே இருக்கிறது. பிரிட்டனில் ஏழு நாள் வரை நோய்க்கு மருத்துவச் சான்று தேவையில்லை. தொழிலாளியே எழுதிக் கொடுத்தால் போதும். அங்கேயும் ஏமாற்றுகிறவர்கள் இருப்பார்கள். சிலருடைய பொய்யைத் தடுக்க எல்லாருடைய காய்ச்சலையும் விசாரிப்பதா, எல்லாருடைய காய்ச்சலையும் நம்பிச் சிலருடைய பொய்யைப் பொறுத்துக்கொள்வதா என்று கேட்டுப் பார்த்து, அந்த நாடு இரண்டாவதை எடுத்தது. பொய்யால் நிறுவனத்துக்குப் போவது ஒரு நாள் கூலி. சந்தேகத்தால் டெங்கிக்காரருக்குப் போகக்கூடியது உயிர். இரண்டையும் சமமாக எடை போட முடியாது.

வயல்காரருக்கும் மீனவருக்கும் இல்லாத சலுகை தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் சுயதொழில் செய்வோரையும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் அது வேலையில் நேரும் விபத்துக்கும் தொழில்சார் நோய்க்கும், சாதாரணக் காய்ச்சலுக்கு அல்ல. அந்தக் குறையை நிரப்புவதுதான் முறை. அதைக் காட்டித் தோட்டத்தில் இருப்பதைக் குறைப்பது முறையல்ல.

செய்ய வேண்டியது பெரிய சட்டப் புரட்சி எதுவும் இல்லை. எம்.சி. உள்ள நாளை வருகை அலவன்ஸ் கணக்கில் வந்த நாளாகவே எழுதலாம். முதல் இரண்டு நாளுக்குத் தொழிலாளி சொல்லை ஏற்கலாம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சில நாள் தனியாக ஒதுக்கலாம். மூன்றுமே கூட்டு ஒப்பந்தத்தில் எழுதக்கூடியவை. அப்படி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானால் குறைந்தது மூன்று ஆண்டு நீடிக்க வேண்டும் என்கிறது 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம். 1954இல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிமார் அமைப்பான மாபாவும் அடுத்த முறை மேசைக்கு வரும்போது, டன்னுக்கு எத்தனை ரிங்கிட் என்ற பேச்சுக்கு முன்னால் இந்த மூன்றையும் எடுத்து வைக்கட்டும்.