தானம் கொடுத்த சைக்கிள்

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குத் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்க நாம் சைக்கிளில் சென்ற நாள்களில், பஞ்சர் ஆகாமல் வீடு திரும்பியது அரிது. வழியெல்லாம் சீமைக் கருவேலம். அதன் முள் டயரைத் துளைத்து டியூபையும் பதம் பார்த்துவிடும்.

கடைக்காரர் டியூபைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்துவார். குமிழி வரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது உலரும் வரை பொறுத்து, ஒட்டுப் போடுவார். டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுக்கவும் மறக்க மாட்டார். மறந்தால் மறுநாளே அதே இடத்தில் ஓட்டை. டயரே கிழிந்துவிட்டால் தடித்த நூலால் தைத்து, உள்ளே பழைய டயர்த் துண்டை வைப்பார். இவ்வாறு ஒரு டயரை நான்காண்டு ஓட்டினோம். இல்லறத்தார்க்கு உரிய மிகுபொருள் விரும்பாமையைக் கடைப்பிடிப்பதாக நமக்குப் பெருமைதான்!

1994-ஆம் ஆண்டில் புதுச் சைக்கிள் வாங்கியதும், பழையதை அருகிலுள்ள சிற்றூர் மாணவி ஒருத்திக்கு அளித்தோம். அதன் பின் டயரின் பக்கவாட்டில் இரு விரற்கடைக் கிழிசல் தைக்கப்பட்டிருந்தது. நமக்கு இரண்டு மாதம் ஓடியதே, அவளுக்கும் ஓடும் என்றிருந்தோம். மூன்றாம் வாரம், தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தபோது டயர் வெடித்தது. சிறுவனுக்கு முன்கை எலும்பு முறிந்தது.

பார்க்கச் சென்றபோது அவள் தந்தையார், “நீங்க என்ன செய்வீங்க டீச்சர், முள்ளு ரோடு” என்றார். முள் அன்று என்பது நமக்குத் தெரியும்.

டயரில் காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது உள்ளேயுள்ள நூலிழை அடுக்கு. மேலுள்ள ரப்பர் தேய்மானத்தை ஏற்பது. ரப்பர் தேய்ந்தாலும் சில காலம் ஓடலாம். நூலிழை அறுந்தால் டியூப் அவ்வழியே பிதுங்கும். பாரம் கூடினால் வெடிக்கும். ஒருவரைத் தாங்கிய தையல் இருவரைத் தாங்கவில்லை. இதைக் கேட்டறிய ஒரு நிமிடம் போதும், நாம் கேட்கவில்லை. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது அசட்டையையே முன்வைக்கிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு அதனை விளக்கியவர்கள் நாம். நமக்குப் புதுச் சைக்கிள் வாங்கப் பணம் இருந்தது. கொடுக்கும் சைக்கிளுக்குப் புது டயர் வாங்க மனம் இல்லை. இதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டியிருந்தோம்.

அப்படியானால் சிறு கிழிசல் கண்டதுமே எறிந்துவிடலாமே என்கிறார்கள் நம் வீட்டு இளையவர்கள். எங்கே எறிவது? கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் மண்ணில் எளிதில் மக்காது. போகியன்று கொளுத்தினால் நச்சுப்புகை. மூலையில் போட்டால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். பிறகு அவற்றைக் கொல்ல மருந்தடிப்பார்கள். ஆகவே ஒட்டுப் போடுவதை நாம் விடவில்லை. பேரனுடைய சைக்கிள் டியூபில் இன்று ஏழு ஒட்டுகள். டயரில் நூல் தெரிந்த அன்றே புதியது வாங்கினோம். பழையதைத் துண்டு போட்டுப் பயன்படுத்தக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டோம்.

அச்சிறுவனின் கை சற்று வளைந்தே கூடியது. அந்தத் தானத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நமக்கு இன்னும் விளங்கவில்லை.