கூலியும் தீர்ப்பும்

கலைஞனின் கைத்திறனை விலைக்கு வாங்குபவர் அவனது தீர்ப்பையும் வாங்கிவிடுகின்றாரா? 1986ஆம் ஆண்டில் நெக்ஸ்ட் கணனி நிறுவனத்துக்கு இலச்சினை வரைய அழைக்கப்பட்ட அமெரிக்க வரைஞர் போல் ரான்டிடம் ஸ்டீவ் ஜொப்ஸ் பல மாதிரிகளைக் கேட்டார். ரான்ட் இணங்கவில்லை. ஒன்றையே தருவதாகவும், அதனைக் கொள்வதும் தள்ளுவதும் ஜொப்ஸின் விருப்பமெனவும், கூலி மட்டும் எவ்வாறாயினும் தரப்படல் வேண்டுமெனவும் கூறினார். கூலியோ 100,000 டொலர்!

இதனை ஆணவமெனக் கொள்வோர் உளர். ஆயின், கொள்பவரின் உரிமை இங்கே பறிக்கப்படவில்லை என்பது நோக்கற்பாலது. உழைப்பின் ஊதியம் வேறு, இணக்கத்தின் விலை வேறு. தான் நம்பாத நான்கு மாதிரிகளை நீட்டி, அவற்றுள் இழிந்தது தெரிவானபின் மனம் புழுங்கும் வரைஞன், முதற்பொய்யைத் தானே உரைத்தவனாகின்றான்.

எனினும், ரான்ட் அப்பொழுது 70 வயதைக் கடந்தவர், புகழும் வாய்த்தவர். அடுத்த மாத வாடகைக்கு ஓர் இலச்சினையையே நம்பியிருக்கும் இளைஞனிடம் அதே உறுதியை எவ்வறத்தின் பெயரால் கோருவது?