நோயாளியும் சுயாட்சியும்

நீரிழிவு ஏனைய நோய்களைப் போன்றதன்று. காய்ச்சல் கண்டவன் வைத்தியரிடம் செல்கின்றான்; மருந்து பெறுகின்றான்; சில நாளிற் குணமடைகின்றான். நீரிழிவுடையவனோ ஆண்டு முழுவதிலும் சில மணி நேரமே வைத்தியரின் முன் இருக்கின்றான். எஞ்சிய காலமெல்லாம் அவனே தனக்கு வைத்தியன். எதை உண்பது, எவ்வளவு நடப்பது, ஊசியில் எத்தனை அலகு மருந்து ஏற்றுவது என்பனவற்றை நாள்தோறும் அவனே தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது. வைத்திய உலகம் இதற்குச் 'சுயமுகாமைத்துவம்' எனப் பெயரிட்டுள்ளது. இன்று கணினியும் கைத்தொலைபேசியும் இப்பணிக்குத் துணையாக வந்துள்ளன. குருதியிலுள்ள சீனியின் அளவைக் குறித்து வைக்கும் செயலிகள் உள. உணவும் உடற்பயிற்சியும் பற்றி ஆலோசனை கூறும் இணையத்தளங்கள் உள. தோலிற் பொருத்தப்பட்டுச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை அறிவிக்கும் உணரிகளும் உள. இவை எவ்வளவு பயன் தருவன என்பது வைத்தியர் அளந்து சொல்ல வேண்டியது. நம் முன் நிற்பது அறம் பற்றிய வினா. ஒருவன் தன்னைத் தானே ஆள்வதும், ஆளும் சுமை அவன் தலையில் ஏற்றப்படுவதும் ஒன்றாகுமா?

சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் நன்று. 1969ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே குருதிச் சீனியை அளக்கும் கருவியொன்று இருந்தது. நிறை ஏறத்தாழ 3 இறாத்தல். விலை 650 டொலர். அதனை வைத்தியருக்கும் வைத்தியசாலைகளுக்கும் மட்டுமே விற்றனர். நோயாளி தன் குருதியைத் தானே அளப்பதா? றிச்சர்ட் பேர்ண்ஸ்டைன் என்ற பொறியியலாளர் 12 வயதிலிருந்து நீரிழிவோடு வாழ்ந்தவர். அவர் மனைவி ஒரு வைத்தியர். மனைவியின் பெயரில் அக்கருவியை வாங்கி, நாளொன்றுக்குப் பல முறை தம் குருதியை அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றியமைத்தார். தாம் கண்டவற்றை எழுதி அனுப்பியபோது வைத்திய சஞ்சிகைகள் அவற்றை ஏற்கவில்லை. வைத்தியன் அல்லாதவனின் சொல் அம்பலம் ஏறாது எனக் கண்ட அவர், 45 வயதில் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து வைத்தியராகவே ஆனார். 1993இலே முடிவுற்ற பேராய்வொன்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, சீனியின் அளவை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண் பாதிக்கப்படும் அபாயம் 76 சதவீதம் குறையும் என நிறுவிற்று. பொறியியலாளர் தனித்து நின்று கண்டது வீண்போகவில்லை.

2013இல் இதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. ஜோன் கொஸ்ரிக் என்ற நிரலாளரின் சிறு மகன் உணரி அணிந்திருந்தான். அளவோ அவனருகில் இருக்கும் சிறு கருவியில் மட்டுமே தெரியும். வேலைத்தலத்திலிருக்கும் தந்தைக்குத் தெரியாது. அவ்வெண்களை இணையத்துக்கு அனுப்பும் நிரலைத் தந்தையே எழுதினார். வேறு பலர் அதனைச் செம்மைப்படுத்தி, 'நைற்ஸ்கவுட்' என்னும் பெயரில் எவரும் இலவசமாகப் பெற வழிசெய்தனர். தாங்கள் இனியும் காத்திருக்கப் போவதில்லை என்பதே அவர்களின் முழக்கமாயிற்று. இதனைச் சுயாட்சி என அழைக்க நாம் தயங்க வேண்டியதில்லை. ஒரு சாராரின் தனியுடைமையாயிருந்த அறிவை மக்கள் கைப்பற்றிக்கொண்டனர். ஆயின் அவர்கள் எத்தகைய மக்கள்? ஒருவருக்கு 650 டொலரும் வைத்தியரான மனைவியும் வாய்த்திருந்தனர். மற்றவருக்கு நிரல் எழுதும் கல்வி வாய்த்திருந்தது.

இவை வாய்க்காத பெருந்தொகையினரிடம் அதே கருவி செல்லும்போது என்ன நிகழ்கின்றது? இலண்டன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட மதிப்பாய்வொன்று, இரண்டாம் வகை நீரிழிவுடையோருக்கான கணினிவழித் துணைகளைப் பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிற்று. அவற்றிற் பங்குகொண்டோர் 3,578 பேர். சில மாத காலச் சீனி நிலையைக் காட்டும் குருதிச் சோதனையின் பெறுமானம் 0.2 அளவே இறங்கியிருந்தது; கைத்தொலைபேசியைப் பயன்படுத்திய ஆய்வுகளில் 0.5. சிறிது எனினும் நன்மையே. ஆனால் மனச்சோர்விலோ, வாழ்க்கைத் தரத்திலோ, உடல் நிறையிலோ முன்னேற்றம் ஏற்பட்டதற்குச் சான்றில்லை. எண் இறங்கிற்று, வாழ்க்கை இருந்தபடியே இருந்தது.

பண்டகசாலையொன்றில் இரவு வேலை செய்யும் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். உண்பதற்கு அவளுக்குக் கிடைப்பது அரைமணி நேரம். அந்நேரத்தில் விலைக்குக் கிடைப்பது பாணும் இனிப்புப் பானமும். உறங்கும் வேளை வாரத்துக்கு வாரம் மாறும். அவளுடைய தொலைபேசி சிவப்பு நிறங் காட்டி, அளவு மிகுந்துவிட்டது, சற்று நடந்து வருக என்கின்றது. மேற்பார்வையாளரின் அனுமதியின்றி அவள் எங்கே நடப்பது? மூன்று மாதம் கழித்து வைத்தியர் அதே எண்களைப் பார்க்கின்றார். கட்டுப்பாடற்றவள் என மனத்திற் குறித்துக்கொள்கின்றார். முன்னர் அவளுக்கு இருந்தது நோய் மட்டுமே. இப்போது அதனோடு குற்றமும் சேர்ந்துவிட்டது. மாற்றும் ஆற்றல் இல்லாத இடத்தில், அறிந்திருந்தாய் என்ற ஒன்றைக் கொண்டே ஒருவரைப் பொறுப்பாளியாக்குவது நீதியாகாது. 2022இல் எமது நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றி மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, எவ்வளவு நுட்பமான செயலியும் இல்லாத மருந்தை நினைவூட்டத்தானே இயலும்?

அப்படியாயின் எல்லாம் சமுதாயத்தின் குற்றம், தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லை என நண்பர் சிலர் முடிவுகட்டக்கூடும். நாம் அதற்கு உடன்படோம். உன்னால் எதுவும் ஆகாது என்று ஒரு தொழிலாளிக்குச் சொல்வதும் அவமதிப்பே. அப்பெண்ணின் தொலைபேசியில் உள்ள எண்களை வேறுவிதமாகவும் படிக்கலாம். இரவு வேலை வாரத்தில் அளவு ஏறுகின்றது, பகல் வேலை வாரத்தில் இறங்குகின்றது என்றால் அது அவளது ஒழுக்கக்கேட்டின் பதிவன்று. வேலை நிலைமை பற்றிய சாட்சியம். ஒருத்தியின் எண்கள் வைத்தியரின் மேசையிற் கிடக்கும். ஐம்பது பேரின் எண்கள் தொழிற்சங்கத்தின் மேசைக்கு வரலாம். ஆனால் அவ்வெண்கள் செயலியை விற்கும் கொம்பனியின் களஞ்சியத்தில் அல்லவா சேர்கின்றன! நைற்ஸ்கவுட் பெற்றோர் எண்களைத் தம் கைக்குக் கொண்டுவந்ததன் பெருமை இங்கேதான் நமக்கு விளங்குகின்றது.

மருந்தின் கதையையும் சொல்லிவிடுவோம். 1921இல் ரொறன்ரோவிலே இன்சுலினைக் கண்டறிந்தோர் 1923இல் அதன் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு விற்றனர். அமெரிக்காவில் 1996இலே 21 டொலராயிருந்த ஒருவகை இன்சுலின் குப்பியின் விலையோ 2019இல் 275 டொலராயிற்று. யேல் நீரிழிவு நிலையத்தின் நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், நால்வரில் ஒருவர் செலவுக்கு அஞ்சி இன்சுலினைக் குறைத்துப் பயன்படுத்தியதாகக் கூறினர். இதுவும் ஒரு சுயமுகாமைத்துவந்தான். மாதச் செலவு 35 டொலருக்கு மேற்போகாதவாறு 2022இல் இயற்றப்பட்ட சட்டம் முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியில் உள்ளோரை மட்டுமே காத்தது; தனியார் காப்புறுதியில் உள்ளோருக்கும் அதனை விரிக்கும் பிரிவு, செனற் சபையில் 57 பேர் ஆதரித்தும், வேண்டிய 60 வாக்கு இன்மையால் நீக்கப்பட்டது. 2023இலே கொம்பனிகள் தாமாகவே விலையைக் குறைப்பதாக அறிவித்தன. 'தாமாகவே' என்றுதான் பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நோயாளரும், மருந்து வாங்க வழியின்றி இறந்த இளைஞரின் பெற்றோரும் இண்டியானாபொலிஸ் நகரில் கொம்பனித் தலைமையகத்தின் வாயிலில் பதாகை ஏந்தி நின்றிருந்தனர்.