கடைசியாக வருபவரின் நடை

குடும்பத்தோடு எங்காவது போவது என்று முடிவானதும் எங்கே போவது, என்ன கட்டிக்கொண்டு போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்றெல்லாம் பேசுகிறோம். யாருடைய வேகத்தில் போவது என்று எந்த வீட்டிலும் பேசி நான் கேட்டதில்லை. அது தானாக முடிவாகிவிடுகிறது. கார் என்றால் ஓட்டுகிறவரின் வேகம். நடை என்றால் முன்னால் போகிறவரின் வேகம். முழங்கால் வலிக்காரர்களும் சின்னப் பிள்ளைகளும் எட்டிப் பிடிக்க வேண்டும். முடியாவிட்டால், "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மலையடிவாரங்களிலும் அருவிப் பாதைகளிலும் நம் வீட்டுப் பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வார்த்தை இது. நாமும் பையையும் செருப்பையும் அவர்கள் பக்கத்தில் வைத்துவிட்டு மேலே போய்விடுகிறோம்.

ஒரு குடும்பம் யாருடைய வேகத்தில் வாழ வேண்டும் என்பது சின்னக் கேள்வி இல்லை. அழகர்மலையில் அதைப் பற்றி நிதானமாக யோசிக்க எனக்கு வாய்த்தது.

மார்கழிக் கடைசியில், பெரியார் பேருந்து நிலையத்தில் அழகர்கோவிலுக்கு டவுன் பஸ் ஏறினோம். அம்மா, மனைவி, எட்டாவது படிக்கும் மகள், ஓரிடத்தில் நிற்காத மகன், நான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் கொடுத்த கட்டணமில்லாச் சீட்டை அம்மா நான்காக மடித்து வளையலுக்குள் செருகிக்கொண்டாள். செக்கிங் ஏறினால் காட்ட வேண்டுமாம். எழுபதைத் தாண்டிய ஒரு பெண் மகனிடம் கை நீட்டாமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தச் சீட்டை அவள் பத்திரப்படுத்திய விதத்தில் தெரிந்தது. காரில் போனால் அவள் நான் கூட்டிக்கொண்டு போகும் ஆள். பஸ்ஸில் அவளும் ஒரு பயணி. எந்த சீட்டில் உட்காருவது, பக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது எல்லாம் அவள் இஷ்டம். கடச்சனேந்தல் வருவதற்குள் பூக்கூடையோடு ஏறிய ஒரு பெண்ணின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பஸ் ஊருக்கு ஊர் நின்றது. "ஏம்ப்பா எல்லா எடத்துலயும் நிக்குது?" என்றான் மகன். "ஆளு நிக்கிறாகல்ல ராசா" என்றாள் அவனுடைய அப்பத்தா.

இந்தச் சாலை அழகர் வரும் சாலை. சித்திரைத் திருவிழாவில் மாலையில் கோயிலை விட்டுக் கிளம்பும் கள்ளழகர், பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, மறுநாள் காலையில்தான் மூன்றுமாவடிக்கு வந்து சேருகிறார். அங்கே எதிர்சேவை. அன்று இரவு தல்லாகுளம். அதற்கும் மறுநாள் விடியலில் வைகை. 21 கிலோமீட்டர், பஸ் ஒரு மணி நேரத்தில் கடக்கிற தூரம். அவருக்கு இரண்டு இரவுகள் ஆகின்றன. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சர்க்கரை நிரப்பிய சொம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு சாலையோரம் நிற்கிற ஒவ்வொருவருக்கும் அவர் முகம் தெரிய வேண்டும். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்தார் என்று மதுரையில் கதை சொல்வார்கள். "வழியில இத்தன சனம் நிக்கையில அவரு எப்படி நேரத்துக்குப் போவாரு?" என்பது அம்மாவின் நியாயம். அந்தத் தாமதத்தை அவள் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

பதினெட்டாம்படிக் கருப்புவின் சாத்திய கதவுக்கு முன்னால் சூடம் காட்டிவிட்டு மலைப்பாதைக்கு வந்தோம். பழமுதிர்சோலை வரையும் அதற்கு மேலே நூபுரகங்கை வரையும் தார்ச்சாலை உண்டு, வண்டிகள் போய்வருகின்றன. நடக்கவே முடியாதவர்களுக்கு அது பெரிய உபகாரம். அம்மாவை வண்டியில் ஏற்றிவிடலாமா என்று மனைவி கேட்டாள். அம்மாவையே கேட்டோம். "நீங்க மெதுவா நடந்தா நானும் வர்றேன்" என்றாள். நிபந்தனையை எங்களுக்கு விதித்துவிட்டாள்.

அவளை முன்னால் நடக்கவிட்டோம். அவளை யாரும் முந்துவதில்லை என்று பேச்சு. மகனுக்கு மட்டும் விலக்கு: அவன் அடுத்த வளைவு வரை ஓடிப்போய், உட்காரக் கல் இருக்கிறதா, குரங்குக் கூட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துவந்து அப்பத்தாவிடம் சொல்ல வேண்டும். ஓட்டமாகவே மலையேறிய அந்தப் பையன் நிற்காமல் இருப்பதற்கு அன்று ஒரு பயன் கிடைத்தது. மகள்தான் முதலில் சலித்துக்கொண்டாள். பாதி வழியில் அவளும் அப்பத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரே நடையாக வரத் தொடங்கினாள்.

மரங்கள் விலகிய ஒரு வளைவில், கைப்பிடிச்சுவரில் அம்மா உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். கீழே வயல்கள்.

நெல் வயல் என்றால் சமதரை என்று நினைத்துக்கொள்கிறோம். வரப்பில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வயலும் மேல் வயலைவிட அரைச்சாண், ஒரு சாண் இறங்கிக்கொண்டே போகும். மார்கழிக் கடைசியில் முந்தி நட்டது பழுத்தும் பிந்தி நட்டது பச்சையாகவும் நிற்பதால், அந்த இறக்கம் மேலே இருந்து பார்க்கும்போது நிறமாகத் தெரிந்தது. மலையில் வெட்டிய படிவயல்களைப் பார்க்கச் சீனாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போகிறார்கள். எங்கள் சீமையில் படி அகலம், உயரம் குறைவு, வேலை ஒன்றுதான். மேல் வயல் நிறைந்தால் வரப்பில் வெட்டிய வாமடை வழியாகக் கீழ் வயலுக்குத் தண்ணீர் இறங்கும். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்து மறுகால் போனால் அடுத்த கண்மாய் நிறையும்.

அந்தத் தண்ணீரும் எங்களைப் போலப் பல வண்டி மாறித்தான் வந்திருக்கிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்துப் பென்னிகுயிக் கட்டிய அணை 1895-ல் முடிந்தது. அங்கே சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பிய தண்ணீர், கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகை அணைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. நாங்கள் பஸ்ஸில் தாண்டி வந்த கள்ளந்திரி இந்தக் கால்வாய்க்கு ஓர் எல்லைக்கல். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு வலக்கைப் பக்கம் வருஷத்தில் இரண்டு அறுப்புக் காணும் ஊர்கள். இடக்கைப் பக்கம், ஒரு அறுப்பாவது உண்டா என்று அணையின் நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்க்கும் ஊர்கள்.

அம்மா பிறந்தது இடக்கைப் பக்கம். சுவரில் உட்கார்ந்தபடி அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர்களுக்கு வயல் மடையிலிருந்து வெகுதூரம். தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து விடுவார்கள். தாத்தாவின் முறை எப்போதும் நடுராத்திரிக்கு மேல். அரிக்கேன் விளக்கை வரப்பில் வைத்துவிட்டு மண்வெட்டியோடு உட்கார்ந்திருப்பார். துணைக்கு இவள். மேல் வயல்காரர் யாராவது வாமடையைத் திறக்காமல் விட்டுவிட்டால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். தாத்தா வரப்போடு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். "தண்ணி வருதான்னு கண்ணால பாக்க முடியாது. காலத் தரையில வச்சுப் பாப்பாரு. சில்லுன்னு இருந்தா, 'வந்துருச்சு தாயி'ம்பாரு. அதுக்குள்ள கோழி கூவிரும்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை அவள் சொன்னதே இல்லை. சொல்லக் கூடாது என்று வைத்திருந்த ரகசியமும் இல்லை. இதைச் சொல்ல அவளுக்கு ஒரு சுவரும், எதிரே வயலும், எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் வேண்டியிருந்தது.

தண்ணீர் ஒழுங்காகப் பாய்கிறதா என்பதைத் தலைமடையில் நின்று யாரும் சொல்ல மாட்டார்கள். தலைமடையில் எப்போதும் தண்ணீர் இருக்கும். கடைமடை நனைந்ததா என்றுதான் விவசாயி கேட்பார். குடும்பத்தையும் அங்கே போய் நின்றுதான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைமடையில் இருப்பது எப்போதும் ஒரே ஆள் இல்லை. மலையேறும்போது அம்மா. சாப்பாட்டில், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ஆறிய குழம்போடு கடைசியாக உட்காரும் மனைவி. வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது, பெரியவர்கள் பேசி முடித்த பிறகு "உனக்குச் சரிதானே?" என்று மட்டும் கேட்கப்படும் மகள். நாம் செய்கிறோம், வாங்கிக் கொடுக்கிறோம், கூட்டிப் போகிறோம் என்று தலைமடையிலேயே நின்று திருப்திப்பட்டுக்கொள்வது எளிது. கடைமடைக்குப் போய்க் காலைத் தரையில் வைத்துப் பார்ப்பது கொஞ்சம் வேலைதான்.

வேகமாகப் போகக்கூடியவர்களைப் பிடித்து நிறுத்துவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேட்டில் இருக்கிற வயலுக்கு முதலில் தண்ணீர் வருவது அந்த வயலின் குற்றமில்லை. நிலம் அப்படிக் கிடக்கிறது. தனக்கு நிறைந்த பிறகும் கீழே விடாமல் வாமடையை அடைத்துக்கொள்வதுதான் குற்றம். பழமுதிர்சோலை கண்ணுக்குத் தெரிந்ததும் பிள்ளைகள் இருவரையும் போகச் சொல்லிவிட்டோம். ஓடினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பத்தாவுக்கு நிழலில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

கீழ் வயலை நினைக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸே சாட்சி. அங்கே இஃபுகாவ் மலைகளில் இருக்கும் படிவயல்களை 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆறே வருஷத்தில், 2001-ல், அவை ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலுக்குப் போயின. இளையவர்கள் பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போக, கால்வாய்களையும் வரப்புகளையும் பார்க்க ஆள் குறைந்தது. மலை வயலில் ஒரு வரப்பு உடைந்தால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை வயலுக்கும் கேடு. பல வருஷங்கள் கூடி உழைத்துச் சீர் செய்த பிறகு, 2012-ல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். கல்லும் மண்ணும் அங்கே முக்கியம்தான். ஆனால் மேல் வயல்காரர் கீழ் வயல்காரரை நினைப்பதில்தான் அந்த மலை நிற்கிறது. எங்கள் கண்மாய்களும் பல இடங்களில் அந்த நினைப்பு போனதால்தான் தூர்ந்தன. மடை திறக்கவும் முறை பார்த்துத் தண்ணீர் பாய்ச்சவும் ஊர் வைத்திருந்த ஆளுக்கு அறுப்பின்போது களத்திலேயே நெல் அளந்தார்கள். அந்த வேலை போனது. ஆளாளுக்குக் கிணறும் மோட்டாரும் வந்தன. பிறருக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை போய்விட்டது. கூடவே கண்மாயை நினைக்க வேண்டிய தேவையும் போய்விட்டது.

பழமுதிர்சோலையில் நாவல் மரத்தைக் காட்டி ஔவை கதையை மனைவி மகனுக்குச் சொன்னாள். நடந்து களைத்த கிழவி, மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த பையன். அந்தக் கதையில் எனக்கு எப்போதும் பிடித்தது அவர்களுடைய வாதம் இல்லை. ஔவை களைத்திருந்தாள் என்பது. களைத்து உட்கார்ந்ததால்தான் அந்தப் பையனைப் பார்த்தாள்.

நூபுரகங்கையில் ராக்காயி அம்மன் சன்னதியை ஒட்டி விழும் தண்ணீர் மார்கழியில் உடம்பைக் குத்தும். அழகருக்கு இந்தத் தண்ணீரில்தான் அபிஷேகம். வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. அம்மா தயங்காமல் தலையைக் கொடுத்தாள். ஈரச்சேலையோடு நின்று மகனையும் உள்ளே இழுத்துவிட்டாள்.

இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் வலிக்கும். ஏறும்போது ஆன நேரத்தைவிட அதிகமாகவே ஆயிற்று. கீழே வந்து கோயிலில் அழகர் தோசை வாங்கினோம். பச்சரிசி, தோல் உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். கனத்த தோசை, ஒன்றைப் பிட்டு ஐந்து பேர் சாப்பிடலாம். விளைச்சலில் ஒரு பங்கைத் தானியமாகவே அழகருக்குக் கொண்டுவந்து கொடுப்பது இந்த வட்டாரத்துச் சம்சாரிகளின் பழைய வழக்கம். இந்தக் கோயிலுக்கும் சுற்றியிருக்கும் உழைக்கும் மக்களுக்கும் உள்ள உறவைத் தொ. பரமசிவன் ஆராய்ந்து எழுதிய 'அழகர்கோயில்' நூலை 1989-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதைப் படித்திருக்கிறேன். தாத்தாவும் ஒரு கடகம் நெல்லை வண்டியில் வைத்துக்கொண்டு இங்கே வருவார் என்பதை அம்மா அன்றுதான் சொன்னாள். "ஒருபோகந்தானம்மா வெளயும், அதுலயுமா?" என்று மனைவி கேட்டாள். "வெளஞ்சுச்சுல்ல?" என்றாள் அம்மா.

திரும்பும் பஸ்ஸில் மலை மேலேயே நெல் விளையும் இடம் நம் பக்கம் உண்டா என்று மகள் கேட்டாள். கொல்லிமலையைச் சொன்னேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேடு வரை அரசுப் பேருந்து போகிறது. சரிவுகளில் சாமை, தினை. ஈரம் நிற்கும் பள்ளங்களில் படிபடியாக நெல். நிறைய இடத்தை மரவள்ளி பிடித்துவிட்டாலும் நெல் இன்னும் இருக்கிறது. நாமக்கல் போய் வண்டி மாற வேண்டும், ஒரு ராத்திரி தங்க வேண்டும். பிள்ளைகளின் முழுப்பரீட்சை முடியட்டும், மே மாதம் போகலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மே மாசம் போயி என்னத்தப் பாக்குறது? பயிரு நிக்கையில போகணும். அவுக எப்ப நடுவாக, எப்ப அறுப்பாகன்னு முதல்ல விசாரி. அதுக்குத் தக்கன லீவு போடு."